நான்காவது வரிசை

ஆகஸ்ட் மாதம் விடியற்காலையில் ஒருத்தி உருளைக்கிழங்குச் செடியில் குனிந்து இலை பறித்துக்கொண்டிருந்தால் அதற்கு நல்ல காரணம் எதுவும் இருக்க முடியாது. அது கீரை இல்லை. மாடுகூடத் தின்னாது. என் சமையலறை ஜன்னலில் இருந்து பார்க்கிறேன், சாலைக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் ஆர்மாந்த், மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பெரிய அலுமினியச் சட்டி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் கொல்லையில் நான்காவது வரிசையில் இலை இலையாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றில் இருந்து ஏறி வந்த மூடுபனி அவள் முழங்கால் வரைக்கும் நின்றது. நடுநடுவே நிமிர்ந்து என் வீட்டுப் பக்கம் பார்த்தாள். நான் விளக்கைப் போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை எழுந்தது. ஆகஸ்டுக் கோடையில் குளிர்காயும் விறகடுப்பை யார் மூட்டுவார்கள்? பறித்த இலைகளை எரிக்கிறாள். நோய் வந்த இலையைத்தான் எரிப்பார்கள்.

அவள் கொல்லைக்கும் என் மகன் கில்மனின் வயலுக்கும் நடுவில் ஒரு கம்பி வேலிதான். கில்மன் அந்த வருஷம்தான் முதல் தடவையாக விதைக்கிழங்கு போட்டிருந்தான். சாப்பாட்டுக் கிழங்கு என்றால் செடிக்கு நோய் வந்தாலும் மருந்தடித்து ஒப்பேற்றிவிடலாம். விதைக்கிழங்கு அப்படியில்லை. அரசாங்க ஆய்வாளர் வந்து வரிசை வரிசையாக நடந்து பார்ப்பார். கருகல் நோய் வயலில் பரவிவிட்டால் சான்று கிடையாது, சான்று இல்லாத விதையை எவனும் தொடமாட்டான். என் கணவர் ரொசேருக்கு இடுப்பு போன பிறகு, காகித ஆலை வேலையை விட்டுவிட்டு வந்து நிலத்தை எடுத்துக்கொண்ட பிள்ளை அவன். முதல் வருஷமே சறுக்கினால் நிலம் கை மாறிவிடும். ஆலையில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. காட்டில் மரலாரி ஓட்டத்தான் போகவேண்டும்.

ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தேன்.

"என்ன ஆர்மாந்த், காலங்காத்தால தோட்ட வேலை?"

"தூக்கம் வரல அண்ணி. உங்களுக்கு இருட்டுல ஜன்னலண்ட என்ன வேலை?"

பார்த்துவிட்டாள். சரி, ஒளிவு மறைவு வேண்டாம் என்று நேராகவே கேட்டேன்.

"அந்த வரிசைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. பசி. இந்த மழையில மண்ணுல இருந்த சத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. இலை மஞ்சளா இருந்துது, எடுத்துட்டேன்."

"பசின்னா நாலு வரிசைக்கும்தான பசிக்கும்? இது ஒண்ணு மட்டும் பட்டினி கிடக்குதா?"

அவள் முகம் இறுகியது. "அப்ப உங்க புள்ள அடிச்ச களைக்கொல்லியா இருக்கும். போன வாரம் அந்தக் காத்துல வேலியோரமா அடிச்சான்ல. நானே போனாப் போகுதுன்னு வாயை மூடிட்டு இருக்கேன்."

"களைக்கொல்லி பட்டிருந்தா உன் பீன்ஸ் சிரிச்சுக்கிட்டா நிக்கும்? வேலியை ஒட்டி இருக்கறதே அதுதான். ஒரு இலை சுருளல."

"பள்ளிக்கூடத்துல ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டவ நான். கிழங்கைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

"ஆக்கித்தான போட்ட."

சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வரிசைக்கு முன்னால் காவல்காரி மாதிரி நின்றாள். ஆனால் ஆர்மாந்த் ஒல்லி. அவளைத் தாண்டி எனக்குச் செடி தெரிந்தது. மேல்பக்கத்தில் பாதி மொட்டையாக நின்ற தண்டுகளில், நடுவில் காப்பி நிறத்தில் ஒரு பட்டை. தரையோடு ஒட்டிய அடித்தண்டு பச்சையாகவே இருந்தது. அடியில் அழுகி மேலே ஏறுகிற கருங்கால் நோய் என்றால் அடிதான் முதலில் கறுத்துக் கொழகொழக்கும். இது தண்டின் நடுவில் தொடங்கியிருந்தது. ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்தால் வருமே, அந்த வாடை லேசாக அடித்தது.

"வீட்டுக்குப் போங்க அண்ணி. அண்ணனுக்குக் காப்பி போடணும்ல."

போனேன். போகும்போது அவள் கண்ணில் படாமல் விழுந்து கிடந்த ஒரு இலையை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆர்மாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அந்தக் காலைப்பொழுது எனக்கு எப்படி இருந்தது என்று புரியும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி, ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "ஊருக்கே சோறு போடறேன், தனியா ஒருத்தனுக்கு வேற போடணுமா?" என்பாள். நான் கிழங்குக் கொட்டகையில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போன குளிர்காலங்களில் கில்மன் அவள் வீட்டில்தான் வளர்ந்தான். ப்ளோய் என்கிற மெல்லிய கல்ரொட்டிக்குப் பக்வீட் தானிய மாவு கரைக்க அவன் கற்றுக்கொண்டது அவளிடம். அறுவடைக்குப் பள்ளிக்கூடத்தை மூடும் மூன்று வாரமும் அடுப்படியை விட்டுவிட்டு அறுவடை இயந்திரத்தில் ஏறி நின்று கல் பொறுக்குவாள். உழைப்பில் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் தப்பு என்று ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டாள். ஒரு தடவை பள்ளிக்கூடத்துச் சூப்பில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. பிள்ளைகள் முகத்தைச் சுளித்தபோது, "வெளியில குளிர் அடிக்குது, உடம்புக்கு உப்பு வேணும்" என்று சொல்லி எல்லோரையும் குடிக்க வைத்தாள். அப்படிப்பட்டவள்.

எனக்கும் அவளுக்கும் ஒரு போட்டி உண்டு. சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி சாப்பாட்டு மேசையில் சால்மன் மீனும் பட்டாணியும் வைக்கிறபோது, கூடவே அந்த வருஷத்துப் புதுக்கிழங்கு இருக்கவேண்டும். எங்கள் வடக்குப் பள்ளத்தாக்கில் மே நடுவில்தான் மண் இளகும். ஜூலை நாலுக்குள் கிழங்கு கோலிக்குண்டு அளவு வந்தாலே பெரிய விஷயம். அதற்கு முந்தின வருஷம் என் கிண்ணம்தான் முதலில் வந்தது. குளிர்காலம் பூராவும் அதை நான் ஒன்றிரண்டு தடவை சொல்லிக்காட்டியிருப்பேன். ரொசேர் கணக்கில் அது இன்னும் அதிகம். இந்த வருஷம் ஆர்மாந்த் ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தாள். கோலிக்குண்டு இல்லை, முட்டை அளவு. நான் வாயடைத்துப்போனேன்.

வீட்டுக்கு வந்து இலையை ரொசேரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வளையம் வளையமா இருந்தா சாதாரணப் புள்ளி நோய். அடி இலையில வரும், நரம்புக்குள்ளயே அடங்கி நிக்கும். பயப்பட ஒண்ணுமில்ல."

"வளையம் இருக்கா?"

வளையம் இல்லை. புள்ளி நரம்பைத் தாண்டிப் போயிருந்தது. ஓரம் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி கரும்பச்சையாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். அடியில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் கருகல்தான், பேச்சே இல்லை. ஆனால் என் பையில் கிடந்து இலை வாடியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை.

"பையில போட்டு வை," என்றார்.

காகிதத் துண்டை நனைத்துப் பிழிந்து, ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் விரித்து, மேலே இலையை வைத்து முடிச்சுப் போட்டேன். ஜன்னல் திண்டில் வைத்தேன். கருகல் என்றால் மறுநாள் காலைக்குள் புள்ளியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். வேறு எதுவாக இருந்தாலும் பூக்காது.

மத்தியானம் கில்மன் சாப்பிட வந்தான். அவனிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. பையைக் கையில் எடுத்துப் பார்த்தவன் சூப்பைத் தொடவில்லை.

"மேல்காத்து அடிக்குதும்மா. அத்தை கொல்லையிலிருந்து நேரா என் வயலுக்குத்தான்."

"மருந்தடிக்க முடியாதா?"

"இந்த ஈரத்துல வண்டி இறக்கினா புதைஞ்சிடும். ரேடியோவுல இன்னைக்கும் தூறல்னுதான் சொல்றான்." பையை மறுபடி ஜன்னல் திண்டில் வைத்தான். "அத்தைக்கு மே மாசம் நான்தான் விதை கொடுத்தேன். சான்று மூட்டை. அதுலேருந்து வர வாய்ப்பே இல்ல."

அப்போதுதான் எனக்கு அந்தப் பூ ஞாபகம் வந்தது. ஜூன் கடைசியில் அவள் கொல்லையில் ஒரு வரிசை மட்டும் முந்திக்கொண்டு வெள்ளையாகப் பூத்தது. மற்ற மூன்றும் இரண்டு வாரம் கழித்து ஊதாவாகப் பூத்தன. ஒரே மூட்டை விதை இரண்டு நிறத்தில் பூக்குமா? நான் அப்போது அதைப் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விவசாயி பெண்டாட்டி நினைக்கிற நினைப்பா அது.

சாயங்காலம் ஆர்மாந்த் ஒரு தட்டில் ப்ளோய் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள், ஒன்றும் நடக்காதது மாதிரி. வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றினாள். உள்ளே வந்தவள் கண் நேராக ஜன்னல் திண்டுக்குப் போனது.

"என் தோட்டத்துல திருடினீங்களா அண்ணி?"

"கீழ கிடந்தத எடுத்தேன்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்."

"கேட்டேன். பசின்னு சொன்ன."

தட்டை மேசையில் வைத்தாள். ரொசேர் தங்கையைப் பார்க்காமல் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். கில்மன் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை. அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆறிடும், சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த ப்ளோயை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலையில் நான் அந்தப் பையின் பக்கம் போகவில்லை. ரொசேர்தான் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். புள்ளியைச் சுற்றி ஓரத்தில், சர்க்கரை தூவியது மாதிரி, வெள்ளை.

கில்மன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். நான் ஆர்மாந்தின் மேல் வாயில் வந்த வார்த்தை எல்லாம் சொன்னேன். பிறந்ததிலிருந்தே திமிர் பிடித்தவள், இந்த வீட்டைக் கெடுக்க வந்தவள் என்று. ரொசேர் அவளுக்குக் கூடப்பிறந்தவர், அவர் எதிரிலேயே சொன்னேன். அவர் தடுக்கவில்லை.

கதவு தட்டாமல் திறந்தது. ஆர்மாந்த். நான் பேசியதைக் கேட்டிருப்பாள், எவ்வளவு தூரம் கேட்டாளோ. கையில் ஊறுகாய் பாட்டில் ஒன்று. அதை என் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே ஈரத் துணியும், அதன் மேல் ஒரு இலையும். வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் திருடிய அன்றைக்கே அவளும் தனியாகச் சோதனை போட்டிருக்கிறாள்.

"மாசசூசெட்ஸுல பெரியம்மா பொண்ணு வீட்டுக்கு ஈஸ்டருக்குப் போனேன்ல. அங்க ரோட்டோரக் கடையில சீக்கிரம் விளையற கிழங்குன்னு ஒரு பை வெச்சிருந்தான். வாங்கிட்டு வந்து ஜன்னல்ல முளைகட்டி நாலாவது வரிசையில வெச்சேன்." என்னைப் பார்த்தாள். "ஜூலை நாலுக்கு."

ஒரு கிண்ணம் கிழங்குக்காக. என் வாயை அடைக்க. 

"நேத்தே ஏன் சொல்லல அத்தை?" என்றான் கில்மன்.

"செடிக்கு வெறும் பசியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேண்டா."

ரொசேர் தொண்டையைச் செருமினார். "இப்ப என்ன? எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சிடுவோம். வெளிய தெரிய வேணாம். வானம் வெளுத்ததும் கில்மன் மருந்தடிக்கட்டும்."

"சுத்துப்பட்டுல இருக்கறவங்க?" என்றேன். "அவங்க அடிக்கலைன்னா அங்கேருந்து திரும்பி நம்மகிட்டயே வரும். ஆய்வாளர் வந்து பாத்தா, தெரிஞ்சே மறைச்சான்னு புள்ள மேல வரும்."

"சொன்னா மட்டும்? யாரு கொல்லைன்னு கேப்பான். இந்த ஊர்ல அது நாப்பது வருஷத்துக்கு நிக்கும்."

அது உண்மை. எங்கள் பக்கத்தில் கருகல் கொண்டுவந்தவன் பெயரைப் பேரப்பிள்ளைகள் வரைக்கும் மறக்க மாட்டார்கள்.

கில்மன் எழுந்து நின்றான். "நானே போன் பண்றேன். நோய் நான் கொடுத்த மூட்டையிலேருந்துதான் வந்ததுன்னு சொல்லிடறேன். அத்தை பேரு வராது."

நான் என் பிள்ளையைப் பார்த்தேன். அவன் சொல்வது அவனுக்கே புரிகிறதா என்று தெரியவில்லை. விதை விற்கப் போகிறவன், என் விதையில் நோய் இருந்தது என்று தன் வாயால் சொன்னால் அதோடு அவன் கதை முடிந்தது. வேண்டாம் என்று கத்த வாயெடுத்தேன்.

"உக்காரு," என்றாள் ஆர்மாந்த். பள்ளிக்கூடத்தில் வரிசை கலைந்தால் ஒரு குரல் கொடுப்பாளே, அந்தக் குரல். "உன் விதை சுத்தம். அதை அசிங்கப்படுத்தாத."

சுவரில் இருந்த போனை எடுத்து எண்ணைச் சுழற்றினாள். வீட்டில் நாங்கள் பேசுவது பிரெஞ்சு. அவள் பேசுகிற இங்கிலீஷ், பள்ளிக்கூடச் சமையலறையில் கற்றது; வளைவு நெளிவு இருக்காது.

"விதைச் சான்று அலுவலகமா? கருகல் வந்திருக்கு. ஆமா, உறுதியாத்தான் சொல்றேன், பூத்துப்போச்சு. எங்க? என் கொல்லையில. பேரு ஆர்மாந்த் லகாசே." ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "இல்ல, பக்கத்து வயல் கில்மனோட விதை இல்ல. அவரு நல்ல விதைதான் கொடுத்தாரு. நான் வெளியூர்லேருந்து வாங்கிட்டு வந்து திருட்டுத்தனமா வெச்சேன். தப்பு என்னுது. எல்லா விவசாயிக்கும் இப்பவே சொல்லுங்க. பேரையும் சேர்த்தே சொல்லுங்க, இல்லேன்னா பக்கத்து வயல்காரன்தான்னு நினைப்பாங்க."

அவள் வாயிலிருந்து 'தப்பு' என்கிற சொல் வரவேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்தேன்.  வந்தபோது எனக்குச் சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை.

அன்று அவளே நான்கு வரிசையையும் பிடுங்கினாள். நல்லதாக நின்ற மூன்றையும் சேர்த்துத்தான். கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டைகளில் கட்டி வைத்தாள். உதவிக்குப் போன என்னை வேலிப் பக்கம் வரவிடவில்லை. "உங்க பூட்ஸ்ல ஒட்டிக்கிட்டு வயலுக்குப் போகும் அண்ணி, அங்கயே நில்லுங்க." சாலையில் விவசாயிகளின் லாரிகள் மெதுவாகப் போயின. எங்கள் சாலையில் வண்டி ஓட்டுகிற எவரும் எதிரில் ஆளைப் பார்த்தால் ஸ்டீயரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். அது பழக்கம், பகைக்காரனுக்குக்கூட உண்டு. அன்றைக்கு ஒருவரும் அவளுக்கு விரல் தூக்கவில்லை. அவர்களில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

ஆய்வாளர் டாயில் மறுநாள் வந்தார். கில்மனின் வயலில் காலையிலிருந்து நடந்தார். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. வேலியோரத்தில் ஒரு இடத்தில் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார். கில்மன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"வேலியோரம் இருக்கற வரிசைங்கள்ல அங்கங்க இருக்கு," என்றார் டாயில், வாசலுக்கு வந்து. "அந்தப் பட்டையை ஈரம் கொஞ்சம் வடிஞ்ச உடனே உழுது மூடிடணும். மத்ததை இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, மிஸஸ் லகாசே. திரும்ப வருவேன். அப்புறமும் வருவேன். இன்னும் ஒரு வாரம் தாமதமா தெரிஞ்சிருந்தா, நான் வயல்ல இறங்கிப் பாக்கவே வேண்டியிருந்திருக்காது, முழுசும் போயிருக்கும்."

அந்த வாரங்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெயில் வந்தது, கில்மன் மருந்தடித்தான். டாயில் இரண்டாம் முறை வந்து குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் முறை வந்து கையெழுத்துப் போட்டார். உழுது மூடிய பட்டை போக மற்றதெல்லாம் விதைதான் என்று சொல்லிவிட்டு என் காப்பியைக் குடித்தார். கில்மன் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டான். சிவந்த கண்ணோடு திரும்பி வந்து, தூசி என்றான்.

ஊரில் அதற்கு 'ஆர்மாந்த் கருகல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மளிகைக் கடையில் அவள் காது கேட்கவே சொன்னார்கள். அறுவடைக்கு அவள் எப்போதும்போல இயந்திரத்தில் ஏறிக் கல் பொறுக்கினாள். கூட நின்ற பிள்ளை ஒருவன், "ஆர்மாந்த் கருகல்ங்கறாங்களே, எந்த ஆர்மாந்த்?" என்று தெரியாமல் கேட்டதற்கு, "நான்தான். கல்லைப் பாரு," என்றாளாம்.

அடுத்த ஜூலை நாலாம் தேதி காலையில் என் கொல்லையில் ஒரு செடிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன். கோலிக்குண்டு அளவு கிழங்கு ஒரு பிடி கிடைத்தது, கில்மன் கொடுத்த விதை. வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டேன். அப்புறம் என்னவோ போலிருந்தது. அதைத் துணி போட்டு மூடி அலமாரி மேல் வைத்துவிட்டு, நிலவறையிலிருந்து போன வருஷத்துச் சுருங்கிய கிழங்கை எடுத்து வேகவைத்து மேசையில் வைத்தேன்.

ஆர்மாந்த் பட்டாணிப் பாத்திரத்தோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். சமையல்காரியாச்சே, புதுக்கிழங்கு வாசனை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா. நேராக அலமாரிக்குப் போய்த் துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது யாருக்கு அண்ணி, சாமிக்கா?"

"இல்ல, சும்மா..."

"என்னைப் பாத்து நீங்க பாவப்படற அளவுக்கு நான் விழுந்துடல." கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில், தன் தட்டுக்கு எதிரிலேயே வைத்தாள். "இந்த வருஷம் நீங்க ஜெயிச்சீங்க. குளிர்காலம் பூரா சொல்லிக்காட்டுங்க. கேக்கறேன்."

கில்மன் அவள் தட்டில்தான் முதல் கிழங்கை வைத்தான். அவள் அதை முள்ளுக்கரண்டியால் நசுக்கி, வெண்ணெய் போட்டு, மெதுவாகச் சாப்பிட்டாள். ஜன்னல் வழியே பார்த்தால் அவள் கொல்லை தெரியும். நான்கு வரிசையும் ஊதாப் பூவுக்குக் காத்துக்கொண்டு ஒரே பச்சையாக நின்றன. அதற்கடுத்து வந்த குளிர்காலம் முழுக்க எனக்கு அதைச் சொல்லிக்காட்ட வாய் வரவில்லை.